ரிப்போர்ட் நார்மல், தோழியின் வலி மட்டும் ஏன் தீரவில்லை?

பெயரும் ஊரும் தவிர்த்து, ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவருக்கு வயது 36. ஒரு தனியார் நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை. அதே பிரிவில் பணிபுரியும் தோழி அவருக்குப் பள்ளி நாளிலிருந்தே பழக்கம். தோழிக்கு ஆறு ஆண்டுகளாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதம். ஞாயிறுதோறும் இரவில் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, தினமும் காலையில் குறைந்த அளவில் ஸ்டீராய்டு. அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனைகள் நன்றாக இருக்கின்றன, நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் தோழி வலிக்கிறது என்றே சொல்கிறார். திங்கட்கிழமைகளில் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார். கோயிலுக்குப் போவோம், கடைக்குப் போவோம் என்று பேசி வைத்ததையெல்லாம் கடைசி நேரத்தில் ரத்து செய்கிறார். அப்படி ரத்து செய்த அதே வாரத்தில் உறவினர் திருமணத்தில் பட்டுச்சேலையுடன் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்திருக்கிறது. மாமியார் ‘எல்லாம் நடிப்பு’ என்கிறார். கணவர் எதுவும் பேசுவதில்லை.

வாசகி தமக்குத் தெரிந்தவர் மூலம் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமென்று சீந்தில் சூரணமும், மூட்டுவலிக்கென்று பெயர் எதுவும் ஒட்டாத பொட்டலப் பொடியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். தோழி அவற்றைத் தொடவே இல்லை என்று தெரிந்ததும் வாக்குவாதம் ஆகி, “நீயும் என்னை நம்பல இல்ல?” என்று அவர் எழுந்து போய்விட, மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. அதற்குச் சில நாட்கள் முன்பு தோழி இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். முகம் உப்பிவிட்டது என்பதால் ஸ்டீராய்டை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாராம். இன்னொரு நாள், “இப்படி இருக்கறதுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்” என்றாராம். வலி உண்மைதானா, நான் செய்தது தவறா, கணவரிடம் சொல்லிவிடலாமா, தோழிக்கு என்ன பிரச்சினை என்று என்னைக் கேட்கும் மேலாளருக்கு என்ன பதில் சொல்வது, அவள் என்மீது எரிந்து விழுவதை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்வது: வாசகியின் கேள்விகள் இவை.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இருந்த இரண்டு விஷயங்கள் அச்சுக்குக் காத்திருக்கக்கூடியவை அல்ல என்பதால் அவற்றுக்கு மட்டும் உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வேறு பலரும் இருக்கக்கூடும் என்பதால் அவற்றை இங்கேயும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலில், தள்ளிப்போடக் கூடாத இரண்டு

ஸ்டீராய்டைச் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து சாப்பிடும்போது, சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தாம் இயல்பாகச் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைக் குறைத்துக்கொள்கின்றன. வெளியிலிருந்து வருவது திடீரென்று நின்றுவிட்டால், உள்ளே உடனே சுரக்கும் திறன் இருக்காது. கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குதல், மயக்கம் என்று அது வெளிப்படும். அந்த நேரத்தில் காய்ச்சலோ விபத்தோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் இந்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறோம். உங்கள் தோழி தம்முடைய மருத்துவரை அழைத்து, எந்தத் தேதியிலிருந்து நிறுத்தினார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மீண்டும் எந்த அளவில் தொடங்குவது, அல்லது தொடங்கத்தான் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். முகம் உப்புவது அற்பமான புகார் அல்ல; கண்ணாடியில் தன் முகம் தனக்கே அந்நியமாகத் தெரிவது எந்தப் பெண்ணுக்கும் வேதனைதான். அதை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவும் வேறு மருந்தைச் சேர்க்கவும் வழி இருக்கிறது. சொல்லாமல் நிறுத்தியதில்தான் ஆபத்து. இடையில் வாந்தியோ மயக்கமோ வந்தால் அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்பவர் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், ‘இவர் நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டு நிறுத்தியவர்’ என்பது.

கணவரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோழி உங்களை நம்பிச் சொன்ன விஷயம் இது. முதலில் அவரிடமே பேசுங்கள்: “நீ இன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன், நீ பேச மாட்டேன் என்றால் நான் உன் கணவரிடம் சொல்ல வேண்டிவரும், உனக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன்.” அவருக்குத் தெரியாமல் கணவரிடம் போய்ச் சொன்னால், அடுத்த முறை எதைச் சொல்வதற்கும் அவருக்கு ஆள் இருக்காது.

இரண்டாவது, ‘போய்ச் சேர்ந்துடலாம்’ என்ற பேச்சு. நம் ஊரில் அலுப்பில் சொல்லும் பேச்சுதானே என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். பல நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால் நாள்பட்ட வலியுடனும் முடக்குவாதத்துடனும் வாழ்பவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இதை ஊகத்துக்கு விட முடியாது. “சாகணும்னு நிஜமாவே தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?” என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்பது பரவலான, ஆனால் தவறான அச்சம். எப்படி என்று யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள்; ரகசியம் என்பது அங்கே முடிந்துவிடுகிறது, வீட்டாருக்கும் மருத்துவருக்கும் உடனே தெரிய வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் வாய் மூடுகிறவர்களுக்காக ஒன்று: மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொன்னதற்கு எந்தச் சட்டத்திலும் குற்றம் கிடையாது.

ரத்தப் பரிசோதனையில் பிடிபடாத வலி

‘ரிப்போர்ட் நார்மல் என்றால் வலி எங்கிருந்து வருகிறது?’ என்று நீங்கள் கேட்கும் கேள்வியை வீட்டாரும் கேட்கிறார்கள். சில நேரம் நோயாளியே தம்மைப் பற்றிக் கேட்டுக்கொள்கிறார். இஎஸ்ஆர், சிஆர்பி என்ற பரிசோதனைகள் உடலில் அழற்சி எவ்வளவு என்பதைக் காட்டுபவை. வலியை அளக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது.

முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பு மண்டலம் மூட்டின் உள்ளுறையைத் தாக்குகிறது. மருந்து அந்தத் தாக்குதலை அடக்கினாலும், அதற்கு முன்பே தேய்ந்த குருத்தெலும்பும் அரித்துப்போன எலும்பும் பழையபடி வளர்ந்துவிடுவதில்லை. இது ஒரு காரணம். இன்னொன்று, ஆண்டுக்கணக்கில் வலிச் செய்தியைச் சுமந்த நரம்பு மண்டலம் தன் கூர்மையைக் கூட்டிக்கொள்வது; அப்போது லேசாகத் தொடுவதும், சாதாரணமாக நடப்பதும்கூட மூளையில் வலியாகவே பதிவாகும். முடக்குவாதத்துடன் ஃபைப்ரோமயால்ஜியா என்ற தசைவலி நோயும் சேர்ந்து வருவது அரிதல்ல. தூக்கம் கெட்டால் இவை அனைத்தும் கூடும். சிலருக்கு ரத்தத்தில் அளவுகள் சரியாக இருக்கும்போதே மூட்டுக்குள் அழற்சி தொடர்வதை அல்ட்ராசவுண்டில் பார்க்கிறோம். ஆகவே ‘நார்மல்’ என்ற சொல்லோடு விசாரணையை முடித்துக்கொள்ளக் கூடாது. காரணத்தைத் தேடும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் வலிக்கு 1979-இல் தந்த வரையறையை 2020-இல் திருத்தியது. அதனுடன் இணைத்த குறிப்புகளில், ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அதற்கென்று தனி இடமே இருக்கிறது. நீங்கள் நம்புவதற்கு இவ்வளவு சான்று தேவையில்லைதான். மாமியாரிடம் பேச நேர்ந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

அந்தத் திருமணப் படத்துக்கு வருகிறேன். இந்த நோய் நாளுக்கு நாள், ஏன், காலைக்கும் மாலைக்கும்கூட மாறும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும், விரல்கள் மடங்காது. பால் பாக்கெட்டின் முனையை வெட்டக் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாது; குக்கர் மூடி திறக்காது; சேலைக்குக் கொசுவம் வைத்துவிடலாம், ஊக்கு குத்துவதுதான் பெரும்பாடு; வண்டியின் பிரேக்கை அழுத்தும்போது மணிக்கட்டில் சுளீரென்று இழுக்கும். இதே பெண் மாலை ஏழு மணிக்குத் திருமண மண்டபத்தில் நின்று சிரித்துப் படமும் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு மாலைக்காக முந்தைய நாள் முழுவதும் படுத்திருந்ததும், மறுநாள் எழ முடியாமல் கிடந்ததும் ஸ்டேட்டஸில் வருவதில்லை. உறவில் நடக்கும் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மருமகளுக்கு என்ன பெயர் கிடைக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். கையிருப்பில் இருந்த சிறு தெம்பை அவர் கடமைக்குச் செலவழித்தார்; கோயில் பயணத்தைத் தவறவிட்டாலும் நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்பியிருக்கலாம். நீங்கள் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது உங்கள் மேல் இருந்த உரிமையாகவே படுகிறது.

திங்கட்கிழமை விடுப்பு

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரி என்னை நிறுத்தியது. ஞாயிறு இரவு மாத்திரை, திங்கட்கிழமை விடுப்பு. ‘ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிவிட்டுத் திங்கட்கிழமை லீவு போடுகிறாள் என்று ஆபீஸில் பேசுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்ட மறுநாள் குமட்டல், தலைபாரம், அடித்துப்போட்டதுபோன்ற அசதி வருவது பலருக்கு வழக்கம். சிலருக்கு நாளடைவில் அந்த மாத்திரையைப் பார்த்தாலே குமட்டும். மருத்துவர் சம்மதத்துடன் மாத்திரை நாளை வெள்ளி இரவுக்கோ சனி இரவுக்கோ மாற்றிக்கொண்டால் அந்த அசதி நாள் விடுமுறையில் விழும். கூடவே எழுதிக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டால் குமட்டலும் குறையும். ஊசியாகப் போட்டுக்கொள்ளும் வழியும் உண்டு. இவை எளிய மாற்றங்கள். ஆனால் வெளிநோயாளிப் பிரிவில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில், ‘எப்படி இருக்கீங்க?’ என்றால் ‘பரவாயில்லை டாக்டர்’ என்று சொல்லிப் பழகியவர்களிடமிருந்து இந்தத் தகவலே எங்களுக்கு வருவதில்லை.

தோழியாக நீங்கள் செய்யக்கூடிய நல்ல உதவி இங்கேதான் இருக்கிறது. அவருக்குச் சம்மதம் என்றால் அடுத்த பரிசோதனைக்குத் துணையாகப் போங்கள். அதற்கு முன் இரண்டு வாரத்துக்கு, காலையில் விறைப்பு எத்தனை நிமிடம் இருந்தது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, எந்த நாளில் அசதி, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று ஒரு நோட்டில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுங்கள். விரல் வலிக்கிறவருக்கு எழுதுவதே ஒரு வேலை. உள்ளே மருத்துவர் கேட்கும்போது அவர் பேசட்டும். அவர் ‘பரவாயில்லை’ என்று முடித்தால் மட்டும் நோட்டை நீட்டுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் பற்றி இன்னும் இரண்டு செய்திகளை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. முடக்குவாதத்துக்கு இது வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடும் மருந்து; மறதியிலோ குழப்பத்திலோ தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கு ஆபத்தாகும். ஃபோலிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் இதைப்போலவே மஞ்சள் நிறத்தில் இருப்பதால் இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி வைப்பது கூடாது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலுடன் இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்கவும் கூடாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவருக்குச் சாதாரணத் தொற்றும் வேகமாகப் பரவும். மருந்துக் கடையில் கேட்டுக் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போட்டுக்கொள்வது மிக மோசம். மெத்தோட்ரெக்ஸேட்டுடன் அது சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படலாம்.

சூரணமும் பொட்டலப் பொடியும்

அன்பினால் வாங்கிக் கொடுத்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த ஒன்றில் உங்கள் தோழி செய்தது சரி.

‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேண்டும்’ என்பது கொரோனா காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வேதவாக்காகிவிட்டது. முடக்குவாதம், லூபஸ் போன்ற ஆட்டோஇம்யூன் நோய்களில் எதிர்ப்பு மண்டலம் பலவீனமாக இருப்பதல்ல பிரச்சினை. வேண்டாத இடத்தில், தன் உடலையே பகையென்று எண்ணி அது வேலை செய்வதுதான் பிரச்சினை. நாங்கள் மருந்து கொடுத்து அடக்க முயல்வதை நீங்கள் சூரணம் கொடுத்துத் தூண்ட முயன்றிருக்கிறீர்கள். சீந்தில் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ஆட்டோஇம்யூன் வகைக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை கல்லீரல் மருத்துவர்கள் 2021-இல் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. விவாதம் அத்துடன் நிற்கவில்லை. ஏற்கெனவே ஆட்டோஇம்யூன் நோய் உள்ள, அதிலும் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும் ஒருவர் அந்த விவாதம் முடியும்வரை சீந்திலை விட்டு விலகி நிற்பதே புத்திசாலித்தனம்.

பொட்டலப் பொடியைப் பற்றி என் கருத்து இதைவிடக் கடுமையானது. மூட்டுவலிக்கென்று பெயரும் கூட்டுப்பொருளும் இல்லாமல் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டும் வலிமாத்திரையும் கலந்திருப்பதும், சிலவற்றில் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் இருப்பதும் பலமுறை கண்டறியப்பட்டவை. சாப்பிட்ட மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு வரும் முதல் சந்தேகம் ஸ்டீராய்டுதான். மருத்துவர் கணக்கோடு கொடுத்த ஸ்டீராய்டை முகம் உப்பியதற்காக ஒருவர் நிறுத்த, அவருக்கே கணக்கில்லாத ஸ்டீராய்டு இருக்கக்கூடிய பொடி பரிசாக வந்திருக்கிறது பாருங்கள். சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதிவு பெற்ற சித்த மருத்துவர், கூட்டுப்பொருளும் உரிம எண்ணும் அச்சிட்ட மருந்தை, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளைக் கேட்டறிந்து கொடுப்பது வேறு. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் கொடுத்த பொட்டலம் வேறு. முன்னதை விரும்பினாலும் இரண்டு மருத்துவர்களுக்கும் தெரிந்தே அது நடக்க வேண்டும்.

அந்தச் சண்டையில் உங்கள் தோழி சொன்ன வாக்கியத்தை நீங்கள் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். பொடியைச் சாப்பிடாததற்கு நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள். அவரோ நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். ஆறு ஆண்டு நோயாளிக்கு ஒரு நாளில் எத்தனை வைத்தியக் குறிப்புகள் வரும் என்று எண்ணிப் பாருங்கள். கோதுமையை நிறுத்து, பாலை நிறுத்து, யோகா செய், வேப்பிலை தின்னு, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள். ஒவ்வொன்றும் ‘நீ இன்னும் சரியாக முயலவில்லை’ என்றே அவர் காதில் விழும். உங்களிடமிருந்தும் அதுவே வந்தபோது அவர் உடைந்தார். மருத்துவம் பார்க்கும் பொறுப்பை எங்களிடம் விட்டுவிடுங்கள். அவருக்கு நீங்கள் இரண்டாவது மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. வலி என்று சொன்னால் மறுகேள்வி கேட்காத ஒரே ஆளாக இருந்தால் போதும், அந்த இடம் அவர் வாழ்க்கையில் இப்போது காலியாக இருக்கிறது.

வீடும் அலுவலகமும்

மாமியாரைத் திருத்தும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியிலிருந்து வரும் தோழி சொன்னால் அந்தக் கோபம் மருமகள் மேல்தான் இறங்கும். கணவரை ஒரு முறை மருத்துவரிடம் கூட வரச் சொல்லும்படி தோழியிடம் சொல்லுங்கள். பேசாத கணவர்கள் எல்லோரும் நம்பாதவர்கள் அல்லர். எதைக் கேட்பது என்று தெரியாமல் ஒதுங்கி நிற்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன், எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பின் அரிப்பைக் காட்டியதும் அவர்களில் பலர் மாறிவிடுகிறார்கள். நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், அந்த வீட்டில் இந்தப் பேச்சு எப்போது வேண்டுமானாலும் எழலாம் என்பதால்: மெத்தோட்ரெக்ஸேட் கருவுக்குத் தீங்கு செய்யும் மருந்து. குழந்தைப் பேறு பற்றிய எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, மருந்தை மாற்றி, உரிய இடைவெளி விட்ட பிறகே கருத்தரிக்க வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்கள் திட்டமிட்டால் நல்லபடியாகப் பிள்ளை பெறலாம்.

மேலாளர் கேட்டால், “அவரிடமே கேளுங்கள் சார், அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் அவருடையவை; நல்லெண்ணத்தில் நீங்கள் சொன்னாலும் பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது அவருக்கு எதிராகத் திரும்பலாம். தோழி விரும்பினால் அவரே ஒரு மருத்துவச் சான்றுடன், காலையில் அரைமணி தாமதமாக வர அனுமதி, தட்டச்சுக்கு இடையே சிறு ஓய்வு, மாடிக்குப் பதில் கீழ்த்தளத்தில் இருக்கை என்று குறிப்பாகக் கேட்கலாம். பொதுவாக ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்வதைவிடக் குறிப்பான கோரிக்கைக்கு இசைவு எளிதில் கிடைக்கும்.

சட்டம் தரும் பாதுகாப்பை மிகையாக எண்ணிவிட வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் முடக்குவாதம் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. மூட்டுகளில் நிரந்தரச் சேதம் இருந்தால் இயக்கக் குறைபாடாக மதிப்பிட்டுச் சான்று பெறலாம். பெரும்பாலான சலுகைகளுக்கு அது 40 சதவீதமாவது இருக்க வேண்டும். வலிக்கும் அசதிக்கும் அந்த அளவுகோலில் போதிய இடமில்லை என்பது என் போன்றவர்களின் நெடுநாள் வருத்தம். தோழியின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்யப்பட்டால், தகுதிக்குரிய நாட்கள் சந்தா செலுத்தியிருக்கும் பட்சத்தில், மருத்துவச் சான்றின்பேரில் ஓராண்டில் 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். பலர் இதைக் கேட்காமலேயே சம்பளமில்லா விடுப்பில் போகிறார்கள். தனியார் சிகிச்சைச் செலவு கட்டுப்படியாகாத நிலை வந்தால், சென்னை மருத்துவக் கல்லூரியில் உள்ளதுபோல, சில அரசு மருத்துவக் கல்லூரிகளில் வாதநோய்களுக்கென்றே தனித் துறை இயங்குவதையும் நினைவில் வையுங்கள்.

மறுபடி பேசும்போது

விளக்கம் எதுவும் வேண்டாம். “பொடி விஷயத்தில் நான் பேசியது தப்பு. உனக்கு வலிக்குதுன்னா வலிக்குதுதான். இனி மருந்து சொல்ல மாட்டேன்” என்ற அளவில் ஒரு செய்தி போதும். பதில் இரண்டு நாளில் வராவிட்டால், ‘போய்ச் சேர்ந்துடலாம்’ என்ற அந்தப் பேச்சை மனதில் வைத்து, நேரில் போய்ப் பாருங்கள். இந்த ஒரு முறை மட்டும் அவருடைய மௌனத்தைக் கோபம் என்று விட்டுவிடக் கூடாது.

அதன் பிறகு, ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். கேட்பதே அவருக்குக் கூச்சம். “நாளைக்கு மாவு அரைக்கிறேன், உனக்கும் ஒரு டப்பா கொண்டு வரட்டுமா?”, “ரேஷன் கடைக்குப் போறேன், உன் கார்டையும் குடு” என்று ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். வெளியே அழைப்பதை நிறுத்தாதீர்கள். வராதவரை அழைப்பானேன் என்று நீங்கள் நிறுத்தியது அவரை வீட்டோடு முடக்கியிருக்கும். அழையுங்கள், அன்று காலை பத்து மணிக்கு வரவில்லை என்று சொன்னாலும் குற்றமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். படியேறும் கோயிலை விட்டு, உட்கார நாற்காலியும் சீக்கிரம் கிளம்ப வழியும் உள்ள இடமாகப் பாருங்கள். அதுவும் முடியாத நாளில் அவர் வீட்டிலேயே அரைமணி நேரம் உட்கார்ந்து, நோயைத் தவிர்த்த ஊர்க்கதை பேசிவிட்டு வரலாம். ஆறு ஆண்டாக எல்லோரும் அவரிடம் மூட்டைப் பற்றியே பேசுகிறார்கள்.

எரிந்து விழுவதை எவ்வளவு பொறுப்பது என்ற உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. வலியில் இருப்பவர் சிடுசிடுப்பது இயல்பு. தூங்காத இரவின் மறுநாள் வரும் ஒரு கடுஞ்சொல்லுக்குக் கணக்கு வைக்காதீர்கள். ஆனால் நோய் இருப்பதாலேயே உங்களை எப்போதும் எப்படியும் பேசலாம் என்று ஆகிவிடாது. அது தொடர்ந்தால், வலி குறைவாக இருக்கும் ஒரு மாலையில், மற்றவர்கள் இல்லாதபோது, “அன்னைக்கு நீ சொன்னது எனக்கு வலிச்சுது” என்று சொல்லுங்கள். உங்களால் முடியாத நாளில் முடியாது என்றும் சொல்லுங்கள். உங்களுக்கும் வேலையும் குடும்பமும் இருப்பது அவருக்குத் தெரியும். மருத்துவமனைத் துணைக்குப் பள்ளித் தோழிகளில் இன்னும் ஒருவரோ இருவரோ முறைவைத்து வர முடியுமா என்று, தோழியின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, இப்போதே பேசி வையுங்கள்.